வேப்பங்கொத்துப் பானை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பாவுக்குக் கஞ்சி காய்ச்சுகிறவர்கள் வேறு சிலரும் இருந்தார்கள். ஆனால் முகூர்த்தப் புடவைக்கான பாவு என்றால் பட்டம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். புடவைக்கு நெடுக்கே போகும் அந்தப் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, வெயில் ஏறும் முன் அரிசிக் கஞ்சி தெளித்து, இழை இழையாகத் துடைத்துக் காயவைத்தால்தான் அது தறியில் அறுந்து உயிரை வாங்காமல் ஓடும். கஞ்சி கெட்டியானால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீர்த்துப் போனால் நூல் நலிந்துவிடும். பட்டம்மாள் கையில் இரண்டும் நடந்ததில்லை. அடுப்பிலிருந்து இறக்கும் பதத்தை அவள் கண்ணால் பார்ப்பதில்லை, மூக்கால் பார்ப்பாள். ஆவியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "ஆச்சு" என்பாள். ஆகியிருக்கும்.

அந்த மூக்கு அவளுக்கு எப்படி வாய்த்தது என்று கேட்டால் தெரு கொஞ்சம் நெளியும். பட்டம்மாள் இன்னொரு கஞ்சியும் காய்ச்சுவாள் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதுதான் சுண்டக்கஞ்சி. சோறும் வடித்த கஞ்சியும் பானையில் கிடந்து, பொங்கி, அடங்கி, தெளிந்து வரும் போதைச் சமாசாரம். மதுவிலக்குக் கெடுபிடி இருந்த காலம் அது. ஒரு பானை அகப்பட்டாலும் ஆம்பளை பொம்பளை என்று பார்க்காமல் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போவார்கள்.

குடிக்கிறவர்கள் அதற்காகக் குடிக்காமல் இருந்துவிட்டார்களா என்ன. அவரவர் வீட்டுக்குள் அவரவருக்குப் பிடித்தது இருந்தது. ஓடைப்பக்கம் ஒருவர் மருந்துக்கடையில் இஞ்சி டிஞ்சர் வாங்கி சோடாவில் கலந்து குடித்துவிட்டு அஜீரணம் என்பார். கூரத்துப் பக்கமிருந்து பனங்கள் தூக்குச்சட்டியில் மோர் என்ற பெயரில் வந்துகொண்டிருந்தது. பட்டு ஜவுளி முதலாளி ராஜகோபால் மட்டும் டாக்டரிடம் சீட்டு வாங்கி, பெர்மிட் எடுத்து, மெட்ராஸிலிருந்து வரும் பீர் பாட்டில்களைத் தேக்கு அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். அவர் குடித்தால் அது மருந்து. அவருக்குப் புடவை நெய்யும் வீரபத்திரனுக்கு ஒரு தீபாவளியில் அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தாராம். வீரபத்திரன் நேராகப் பட்டம்மாளிடம் வந்து, "கசாயம் மாதிரி இருக்குது பட்டம்மா, மேல நுரை வேற" என்று முறையிட்டார்.

"எத்தினி நாள் புளிக்க வெச்சாங்களாம்?" என்று பட்டம்மாள் கேட்டாள். அவளுக்கு அதுதான் முக்கியம்.

அமாவாசையன்று தறி ஓடாது. அன்றைக்குப் பகலில் பட்டம்மாளின் பின்கட்டில் வேலியோரமாகச் சிலர் வந்து உட்காருவார்கள். வீரபத்திரனுக்கு அடிக்கஞ்சிதான் பிடிக்கும், பச்சைமிளகாயைக் கிள்ளிப் போட்டு, சுட்ட கருவாட்டோடு. அவர் பெண்டாட்டி ஜெயம்மாள் கோவிலுக்குப் போகும் சாக்கில் வந்து, மேலாகத் தெளிந்து நிற்பதை ஒரு டம்ளர் வாங்கி, எலுமிச்சை இலையைக் கசக்கிப் போட்டுக் குடித்துவிட்டுப் போவாள். பட்டம்மாளுக்கு எதுவும் சேர்க்கக் கூடாது. உப்புக்கூட வேண்டாம். உப்புப் போட்டால் கஞ்சி என்ன சொல்கிறது என்று தெரியாது என்பாள்.

அவள் வீட்டு நிலைப்படிக்குள் கால் வைக்காத ஜனம் அது. சேரியிலிருந்து வந்து தெருக்கோடியில் குடியேறியவள் அல்லவா. அவள் காய்ச்சிய கஞ்சி பட்டில் ஏறினால் தீட்டில்லை, அந்தப் பட்டை சாமிக்குச் சாத்தினாலும் தீட்டில்லை, வேலியோரம் உட்கார்ந்து டம்ளரில் வாங்கிக் குடித்தாலும் தீட்டில்லை. அவள் அவர்கள் கூடத்துக்குள் நுழைந்தால்தான் தீட்டு. இதையெல்லாம் பட்டம்மாள் கவனிக்காமல் இல்லை. ஆனால் தன் கஞ்சியைக் குடித்துவிட்டு ஒரு மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது அவளுக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும்.

விற்கமாட்டாள். எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். "விக்க ஆரம்பிச்சா தண்ணி ஊத்தத் தோணும்பா" என்று சொல்லிவிடுவாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் மார்கழியில் அவள் மகன் சிட்டிபாபு போலீஸ் வேலைக்குத் தேர்வானான். ஓட்டத்தில் முதல், உயரம் தாண்டுவதில் இரண்டாவது, மார்பளவு சரி, எழுத்துப் பரீட்சையும் சரி. அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் சர்க்கார் சம்பளம் வாங்கியதில்லை. அப்பன் பனை ஏறி விழுந்து செத்தவன். இனி ஒன்றுதான் பாக்கி. உள்ளூர் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு வந்து, பையன் எப்படி, குடும்பம் எப்படி என்று தெருவில் விசாரித்து எழுதிக்கொண்டு போக வேண்டும். அதில் ஒரு வார்த்தை கோணலாக விழுந்தால் அத்தனை ஓட்டமும் வீண்.

சிட்டிபாபு அம்மாவின் முன்னால் வந்து குந்தினான்.

"எம்மா, அதெல்லாம் கொட்டிடு. ஏட்டு எப்ப வருவாருன்னு தெரியாது. சாராயக் கேஸ் வீட்டுப் பையனைப் போலீசுல சேப்பாங்களா?"

"சாராயமா? நான் இன்னாடா சாராயமா காய்ச்சறேன்?"

"அவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான். கொட்டிடுமா. உன் கால்ல விழறேன்."

"கொட்டிடறேன், போ" என்றாள். கொட்டவும் கொட்டினாள். வேலியோரம் குழி வெட்டிப் பானை பானையாகக் கவிழ்த்தாள். ஈ மொய்க்காமலிருக்கச் சாம்பல் போட்டாள். கடைசிப் பானையில்தான் கை நின்றுவிட்டது.

அந்தப் பானை அப்படி. கூரத்தில் அறுவடைக் கூலியாக வந்த சிவப்பு நெல்லை ஒரு வருஷம் குதிரில் போட்டு வைத்திருந்து, கையால் குத்தி, பாதித் தவிட்டோடு வடித்தது. புது அரிசி அவசரப்பட்டுப் பொங்கிவிடும், பழைய அரிசிதான் நிதானமாகப் புளிக்கும் என்பது அவள் கட்சி. அதோடு மார்கழிப் பனி. கோடையில் சட்டென்று புளித்துவிடுகிற கஞ்சி, பனியில் ஆற அமர நேரம் எடுத்துக்கொண்டு, பழுத்த நாட்டு வாழைப்பழத்தின் வாசனைக்கு வந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அவளுக்கே இப்படி ஒன்று அமைந்ததில்லை. இதைக் கொட்டினால் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டதுபோல் என்று நினைத்தாள். அமாவாசை வரைக்கும் தள்ளினால் போதும், ஆளுக்கொரு டம்ளர் குடித்துவிட்டு அத்தோடு தலைமுழுகிவிடலாம். புத்தி கெட்டுப் போவதற்கு வேறென்ன வேண்டும்.

பாவுக் கஞ்சிப் பானையின் கழுத்தில் ஒரு வேப்பங்கொத்தைக் கட்டி வைப்பது அந்தத் தெரு வழக்கம். அது கட்டியிருந்தால் யாரும் தொடமாட்டார்கள், பிள்ளைகள்கூட எட்டிப் பார்க்காது. பாவுக்குக் கண்ணேறு படும் என்று பயம். பட்டம்மாள் சுண்டக்கஞ்சியைத் துணியில் வடிகட்டி, அதே மாதிரிப் பானை ஒன்றில் ஊற்றி, கழுத்தில் வேப்பங்கொத்தைக் கட்டி, பாவுக் கஞ்சிப் பானைகளோடு வரிசையில் வைத்துவிட்டாள். எந்தப் போலீஸ் வந்து பார்த்தாலும் பாவுக் கஞ்சிதான். எது எந்தப் பானை என்று பிரித்தறியத் தனக்கு மூக்கு இருக்கிறதே, அது போதாதா?

பனி சும்மா விடவில்லை. இரண்டு நாளில் அவளுக்கு ஜலதோஷம் பிடித்துத் தலை பாறாங்கல்லாகக் கனத்தது. மூக்கு அடைத்துக்கொண்டது.

அந்த வாரம் ராஜகோபால் முதலாளியின் மகளுக்கு நிச்சயமான கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவைப் பாவு. அரக்கு நிறம். நெய்கிறவர் வீரபத்திரன். விடியற்காலையில் தெருவில் கட்டைகளை நட்டு, பாவை நீட்டி இழுத்துக் கட்டிவிட்டு, வீரபத்திரன் குரல் கொடுத்தார். பட்டம்மாள் இருட்டில் தடவி, வேப்பங்கொத்துக் கட்டிய ஒரு பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள்.

வீரபத்திரனும் பக்கத்துத் தறிக்காரர்களும் பானையில் கையை விட்டு அள்ளிப் பாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தெளித்தார்கள். பனியில் வாசனை எழும்பவில்லை. ஜெயம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும் இழைகளைப் பிரித்துத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். பட்டம்மாள் ஓரமாகக் குந்தி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். பிறகு கூரைகளுக்கு மேல் வெயில் எட்டிப் பார்த்தது. ஈரப் பட்டு லேசாகச் சூடேறியது.

ஜெயம்மாளின் கை முதலில் நின்றது. நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். வீரபத்திரன் குனிந்து பாவை முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். அப்புறம் பட்டம்மாளின் அருகே வந்து உட்கார்ந்தார்.

"இன்னா பட்டம்மா இது?"

"இன்னாண்ணே?"

"தெருவே அமாவாசை மாதிரி மணக்குது."

அவளுக்கு ஒரு விநாடி புரியவில்லை. பானைக்குள் கையை விட்டு நாக்கில் வைத்தாள். மூக்கு அடைத்திருந்தாலும் நாக்கு செத்துப்போகவில்லை. மார்கழிப் பனியில் அவள் காத்துக்காத்துப் பழுக்க வைத்தது, தெருக்கோடியிலிருந்து தெருக்கோடி வரை பட்டில் ஏறி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"தண்ணி ஊத்தி அலசிடலாமா?" என்றாள்.

"அலசலாம். யாரும் வராம இருந்தா."

அதைச் சொல்லி வாய் மூடவில்லை, தெரு முனையில் சைக்கிள் மணி கேட்டது. காக்கி அரைக்கால் சட்டையும் சிவப்புத் தொப்பியுமாக ஏட்டு தணிகாசலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தெரு முழுக்கப் பாவு கிடந்ததால் ஏறி மிதிக்க முடியவில்லை. ஆகவே பாவை ஒட்டியே, ஒவ்வொரு அடியாக, நடந்துதான் வர வேண்டியிருந்தது. சிட்டிபாபு இஸ்திரி போட்ட சட்டையோடு வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தான். வாசலைத் தாண்டியதும் அவனுக்கும் வாசனை எட்டியது. அம்மாவைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள்.

"சிட்டிபாபுன்றது யாரு?"

"நான்தானுங்கய்யா."

"அப்பா?"

"இல்லீங்க. அம்மா மட்டும்தான்."

ஏட்டு சைக்கிளை நிறுத்திவிட்டுக் கைக்குட்டையால் மீசையைத் துடைத்தார். மூக்கு லேசாக விரிந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அவர் வீரபத்திரனைக் கூப்பிட்டார்.

"பையன் எப்படிப்பா?"

"தங்கம் சார். வம்பு தும்பு கிடையாது."

"வீடு?"

"அந்த அம்மா பாவுக்குக் கஞ்சி காய்ச்சறாங்க சார். அதுதான் பொழப்பு."

"வேற ஒண்ணும் காய்ச்சறது இல்லியே?"

வீரபத்திரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இல்லீங்க" என்றார். ஜெயம்மாள் கேட்காமலேயே, "இல்லீங்க" என்றாள். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னால் சந்தேகம்தான் வரும் என்பது அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? ஏட்டு ஜெயம்மாளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

எழுதிவிட்டுப் போயிருப்பார். அதற்குள் ராஜகோபால் முதலாளி வந்து சேர்ந்தார். மகளுக்கான பாவு, நேரில் பார்க்காமல் இருப்பாரா? வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாவை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். முகம் கோணியது.

"இன்னாய்யா நாத்தம் இது? வீரபத்திரா, இன்னா போட்டு வெச்சிருக்கே?"

"கஞ்சிதான் முதலாளி."

"கஞ்சி இப்படியா நாறும்? சாராயக் கடை மாதிரி இருக்குது. ஏட்டய்யா, நீங்களே பாருங்க. இது இன்னா வாடைன்னு நீங்க சொல்லுங்க."

துடைத்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் இழைகளின் மேல் அப்படியே நின்றன. சிட்டிபாபு இரண்டு கைகளையும் பின்னால் கட்டி இறுக்கிக்கொண்டான். ஏட்டு பாவின் பக்கம் போகவில்லை, நேராகப் பானையிடம் வந்தார். வேப்பங்கொத்தை ஒதுக்கிவிட்டுக் குனிந்தார். ஒரு விரலை விட்டு எடுத்து நாக்கில் வைத்தார்.

வைத்தவர் கொஞ்ச நேரம் எதையும் பார்க்காமல் நின்றார். பிறகு மறுபடியும் குனிந்து, இந்த முறை இரண்டு விரலை விட்டார்.

கெட்டுப்போனதை யாராவது இரண்டாம் தடவை தொட்டு நாக்கில் வைப்பார்களா? பட்டம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். இந்த ஆளுக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. காக்கிச் சட்டைக்கு உள்ளே இருக்கிற ஆளுக்கு இது என்ன சரக்கு, எப்பேர்ப்பட்ட சரக்கு என்று தெரியும்.

"இந்தாம்மா" என்றார் ஏட்டு. குரல் தணிந்திருந்தது. "இது எந்த அரிசி?"

ஸ்டேஷன் கேள்வியே இல்லை அது. வேலியோரம் உட்கார்ந்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிற கேள்வி. இத்தனை வருஷத்தில் வீரபத்திரனுக்குக்கூட அதைக் கேட்கத் தோன்றியதில்லை. குடிப்பார், நன்றாக இருக்கிறது என்பார், அவ்வளவுதான். பட்டம்மாளுக்குப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கூரத்து நெல்லுங்கய்யா, போன வருஷத்துது, சிவப்பு, கையால குத்தினது, பனியில மெதுவா வந்திச்சி. சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும். அவள் வாயைத் திறந்தும்விட்டாள். திறந்த வாயோடு மகனைப் பார்த்தாள். இஸ்திரிச் சட்டை அக்குளில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"ரேஷன் அரிசிதானுங்க" என்றாள்.

"ரேஷன் அரிசியா?"

"ஆமாங்கய்யா. புழு வெச்சது. எனக்குச் சளி, மூக்கு அடைச்சிருக்குது, நேத்துக் கஞ்சியா முந்தாநாள் கஞ்சியான்னு பாக்காம எடுத்தாந்துட்டேன்." நிறுத்தினாள். மீதியையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரு முழுவதும் கேட்கும்படி சொன்னாள். "கெட்டுப்போன பாவுக் கஞ்சிங்கய்யா."

ஏட்டு தணிகாசலம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்க்கவில்லை, ஏமாந்தவர்போலப் பார்த்தார். பிறகு விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ராஜகோபாலிடம் திரும்பினார்.

"கெட்டுப்போன கஞ்சிதாங்க. எடுத்துக்கினு போய்க் கொட்டச் சொல்லுங்க."

"இங்கியே கொட்டு" என்றார் முதலாளி. "என் கண்ணு முன்னால கொட்டு."

பட்டம்மாள் பானையைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். அது ஓடி மறைகிற வரைக்கும் அங்கேயே நின்றாள். ஏட்டு எழுதி முடித்து, சிட்டிபாபுவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் ராஜகோபால் பிடித்துக்கொண்டார். மகள் கல்யாணப் பாவில் அபசகுனம் என்றார், திமிர் என்றார், சேரிப் புத்தி என்றார். "இனிமே என் பாவு எதுக்கும் நீ கஞ்சி காய்ச்சக் கூடாது. மத்தவங்களுக்கும் சொல்றேன், இவகிட்ட வாங்கறவன் எனக்கு நெய்ய வேணாம்." தெருவில் பாதிப் பேர் அவருக்குத்தான் நெய்தார்கள். வேலியோரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எல்லாம் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவராவது, அவள் கஞ்சி ஒருநாளும் கெட்டதில்லை முதலாளி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் உண்மை வெளியே வரும், பையன் வேலை போகும் என்று பிற்பாடு காரணம் சொன்னார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் அவர்களுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதையும் சொல்லாமலிருக்க முடியவில்லை.

பாவை அலசிக் காயவைத்து வேறு கஞ்சி போட்டார்கள். புடவை நன்றாகவே வந்தது, கல்யாணமும் நடந்தது.

சிட்டிபாபுவுக்கு ஆர்டர் வந்தது. பயிற்சிக்குப் புறப்பட்ட அன்று அவன் அம்மாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "பஸ்ஸுக்கு நேரமாச்சி, போ" என்று அனுப்பிவிட்டாள். அதன்பிறகு பட்டம்மாள் வயல் வேலைக்குக் கூரத்துக்கும் திருப்பருத்திக்குன்றத்துக்கும் போய்வந்தாள். தெருவில் பாவு நீட்டுகிற காலைகளில் மட்டும் சுற்றுவழியாகப் போவாள். சுண்டக்கஞ்சியை அவள் திரும்பத் தொடவில்லை. போலீஸ்காரன் அம்மா எப்படித் தொடுவாள்? அமாவாசையன்று வீரபத்திரன் வேலியோரம் வந்து சும்மா நின்றுவிட்டுப் போவார். புதிதாகக் கஞ்சி காய்ச்ச வந்தவள் பதம் தெரியாதவள், இழை அறுந்து பிராணன் போகிறது என்று சொல்லிப் பார்த்தார். பட்டம்மாள் முகம் கொடுக்கவில்லை. தன் வாயால் கெட்டுப்போனது என்று சொன்ன பிறகு, அதை யார் வந்து திருப்பி எடுப்பது? இருட்டில் கண் விழித்துப் படுத்துக்கொண்டு, அந்த வாழைப்பழ வாசனையை ஞாபகப்படுத்திப் பார்ப்பாள். சில நாள் வரும், சில நாள் வராது. வராத நாளில் அழுகை வரும்.

சிட்டிபாபுவை ஆரணிக்குப் போட்டார்கள். ஒரு பொங்கலுக்கு லீவில் வந்தான். உடம்பு தேறி, மீசை வைத்து, ஆளே மாறியிருந்தான். பட்டம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் குந்தி, வெகுநேரம் வேறு எதையெதையோ பேசிவிட்டு, கடைசியில் சொன்னான்.

"போன மாசம் ஒரு ரெய்டுமா. அங்கியும் நெசவுத் தெருதான். ஒரு பொம்பளை, இடுப்புல குழந்தை. கொல்லையில ஒரு பானை இருந்திச்சி. எங்க எஸ்.ஐ. வெளியூர்க்காரரு. அவருக்கு ஒண்ணும் புரியல. யோவ், நீ காஞ்சிபுரத்துக்காரன்தானே, இது பாவுக் கஞ்சியா, வேறயா, மோந்து பாத்துச் சொல்லுன்னாரு."

பட்டம்மாளின் முறம் நின்றது. "வேப்பங்கொத்துக் கட்டியிருந்திச்சா?"

"இல்ல. அந்த ஊர்ல அந்த வழக்கம் இல்ல."

"நீ இன்னாடா சொன்னே?"

சிட்டிபாபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கெட்டுப்போன பாவுக் கஞ்சிங்கய்யான்னு சொன்னேன்."

வாசலில் யாரோ சைக்கிளில் போனார்கள். பட்டம்மாள் முறத்திலிருந்த அரிசியை விரலால் இப்படியும் அப்படியும் தள்ளிக்கொண்டிருந்தாள். பையன் சொன்னது சரியா தப்பா என்று அவள் யோசிக்கவில்லை. கேட்க வேண்டியது வேறொன்று இருந்தது.

"எப்படி இருந்திச்சி?"

"எது?"

"அவ கஞ்சி."

சிட்டிபாபு நிமிர்ந்து பார்த்தான். அம்மா கேட்பது அவனுக்குப் புரிந்தது. அன்றைக்குத் தெருவில் எல்லோர் முன்னாலும் அவள் சொன்ன வார்த்தை அவன் காதிலும் அத்தனை நாளாகக் கிடந்திருக்க வேண்டும்.

"நல்லாத்தாம்மா இருந்திச்சி" என்றான். "ஆனா உன்னுது கிட்டகூட வராது. அன்னிக்கி அந்தத் தெருவுல அடிச்சிச்சே வாசனை, அந்த மாதிரி நான் எங்கியும் பாக்கல."

பட்டம்மாள் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்ததும் மறுபடியும் நனைந்தது, மறுபடியும் துடைத்துக்கொண்டாள். பிறகு முறத்தை மடியில் இழுத்துவைத்து, நல்ல அரிசியை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அவ புது அரிசியில வெச்சிருப்பா" என்றாள். "புது அரிசி அவசரப்படும். என்னுது கூரத்து நெல்லு, ஒரு வருஷத்துப் பழசு, சிவப்பு, கையால குத்தினது. பனியில மெதுவா வந்திச்சி."